மேசன் குடும்ப இடுகாடு: அட்டவணை இதுவரை வந்த கதை

வர்ஜீனியாவில் பொட்டோமாக் ஆற்றுப் பக்கம் இருக்கிறது கன்ஸ்டன் ஹால், ஜார்ஜ் மேசனின் வீடு. 1776-இல் வர்ஜீனியா உரிமைப் பிரகடனத்தை வரைந்தவர், 1787-இல் அமெரிக்க அரசியலமைப்பில் கையெழுத்துப் போட மறுத்தவர் என்ற அளவில் அவரைப் பலருக்கும் தெரியும். நான் தேடிப் போனது அதற்கு முந்தைய மேசனை. அவர் வீடு இருக்கும் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 1742-இல்தான் உருவானது. அதன் நீதிமன்றத்தில் தம் இருபதுகளிலேயே நீதிபதியாக இடம்பிடித்தவர் அவர். அன்றைக்கு அந்த மன்றம் வழக்கோடு நிற்கவில்லை. சாலை, வரி என்று ஊர் நிர்வாகம் முழுவதும் அதன் கையில்தான் இருந்தது.

பழைய குடும்ப இடுகாடுகளுக்கு வம்ச அட்டவணை தயாரிப்பது என் விடுமுறை நாள் வேலை. வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

முதலில் கல்வெட்டு படிக்கும் முறையை எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் பழகிக்கொண்டேன். தேய்ந்த எழுத்தின் மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் சவர நுரை பூசுவதும் கல்லைக் கெடுக்கும். ஒரு பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஒருவர் அதில் வெயிலை வாங்கி, கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும்படி பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மற்றவர் படமெடுக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த கல்லில், பள்ளங்களில் நிழல் இறங்கியதும் எழுத்துகள் எழும்பி நின்றன. 1-ஆ 4-ஆ என்று குழம்பிய இடம் அப்போதே தெளிந்துவிட்டது.

மேசன் விஷயத்தில் கல்லைவிடப் பெரிய உதவி, அவர் தம் குடும்ப வேதாகமத்தில் எழுதி வைத்த குறிப்புகள். ஆன் எய்ல்பெக்கை 1750-இல் மணந்தார். பன்னிரண்டு பிள்ளைகள், அவர்களில் பெரியவர்களாக வளர்ந்தது ஒன்பது பேர். 1772 டிசம்பரில் ரிச்சர்ட், ஜேம்ஸ் என்ற இரட்டையர் குறைமாதத்தில் பிறந்து மறுநாளே இறந்தார்கள். கன்ஸ்டன் ஹாலின் புதிய இடுகாட்டில் முதலில் புதைக்கப்பட்டவர்கள் அவர்களே என்று தகப்பனே எழுதியிருக்கிறார். கவுண்டியே மதித்த ஒருவரின் குடும்ப இடுகாடு, ஒரு நாள் வயதுக் குழந்தைகளிடமிருந்து தொடங்குகிறது. அட்டவணையின் முதல் கட்டத்தில் அவர்களைத்தான் வைத்தேன்.

அடுத்த கட்டம் ஆன். அவர் இறந்தது 1773 மார்ச் 9, விடியற்காலை சுமார் மூன்று மணி என்று மேசன் நேரம்கூடக் குறித்திருக்கிறார். ஒன்பது மாதத்துக்கு மேல் நீண்ட நோய். வயது நாற்பதைத் தொடவில்லை. பதினோரு நாள் கழித்து, மார்ச் 20-இல் மேசன் உயில் எழுதினார். பொதுவாழ்வின் தொல்லையைவிடச் சொந்த வாழ்க்கையின் சுதந்திரமே மேல் என்று அதில் மகன்களுக்குப் புத்தி சொல்கிறார். கவுண்டி வரலாற்றையும் இந்தக் குறிப்புகளையும் ஒரே தாளில் இணைத்தபோது சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. 1774 ஜூலை 18-இல் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையில் கூடிய கூட்டத்தில், பிரிட்டிஷ் ஆட்சியின் வரிகளையும் அதிகாரத்தையும் எதிர்த்த ஃபேர்ஃபாக்ஸ் தீர்மானங்கள் நிறைவேறின. அவற்றை வரைந்ததில் பெரும்பங்கு இந்த மேசனுடையதுதான். மகன்களுக்குச் சொன்ன புத்தி தகப்பனுக்குப் பதினாறு மாதம்கூடத் தாங்கவில்லை. 1780-இல் சாரா பிரென்டை மறுமணம் செய்துகொண்டவர், 1792 அக்டோபர் 7-இல் இறந்து அதே இடுகாட்டுக்குப் போனார்.

இவ்வளவு செய்தும் அட்டவணை அரைகுறைதான். அடிமை வணிகத்தைக் கண்டித்துப் பேசிய மேசன், தம் அடிமைகளை விடுவிக்கவில்லை. உயிலில் அவர்களைப் பெயர் சொல்லியே பிள்ளைகளுக்குப் பங்கிட்டிருக்கிறார். தச்சர், கொல்லர், தோல் பதனிடுபவர், செருப்புத் தைப்பவர், நெசவாளர் என்று அவர்களின் தொழில்களை மகன் ஜான் தம் நினைவுக் குறிப்பில் வரிசைப்படுத்துகிறார். வம்சக் கோடுகளுக்குள் இவர்களைக் கொண்டுவர வழியில்லை என்பதால் இரண்டாவது தாள் போட்டிருக்கிறேன். உயிலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக, யாருக்குப் பங்காகப் போனார்கள் என்ற விவரத்தோடு, இப்போது அதில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.