ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். அப்பாவுக்கு வந்தது பக்கவாதம்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில், காலை 7 மணிக்குப் பசியாறக் கிளம்பிய அப்பா, சட்டையின் மூன்றாவது பொத்தானோடு வெகுநேரம் போராடிக்கொண்டிருந்தார். வலக்கை விரல்கள் பொத்தானைப் பிடித்தன. துளைக்குள் தள்ள முடியவில்லை. பேச்சும் சற்றுக் குழறியது. கையை மடித்துப் படுத்ததால் மரத்துப்போயிருக்கும் என்று அவர் சொன்னதை நம்பி மதியம்வரை காத்திருந்தோமே என்று நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நாங்கள் அவசரப் பிரிவை அடைந்தபோது மணி பன்னிரண்டரை.

அங்கே எடுத்த சிடி ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. கழுத்து நரம்பு அழுந்தியிருக்கலாம் என்று கூறி, இரத்த அழுத்தம் 190க்கு 105 இருந்த அப்பாவை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கை தேறாததால், மூன்றாம் நாள் பாலம் கடந்து பினாங்குத் தீவிலுள்ள தனியார் மையத்தில் எம்ஆர்ஐ எடுத்தோம். மூளையின் இடப்பக்கத்து ஆழத்தில் 9 மில்லிமீட்டர் அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. பெரிய தமனியிலிருந்து பிரிந்து ஆழத்துக்குச் செல்லும் நூலிழை போன்ற கிளைகளின் சுவர், பல ஆண்டு இரத்தக் கொதிப்பாலும் நீரிழிவாலும் தடித்து அடைபடுவதையே லக்கூனர் பக்கவாதம் என்கிறார்கள் என்றும், இவ்வளவு சிறிய சேதம் தொடக்கத்தில் சிடி ஸ்கேனுக்குப் பெரும்பாலும் அகப்படாது என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். முதல் நாளே இதை ஒருவர் சொல்லியிருக்கலாம்.

அரசு நிபுணர் கிளினிக்கில் இன்னொரு அலைச்சல். பரிந்துரைக் கடிதம், மைகார்டு என்னும் அடையாள அட்டை, அறிக்கை எல்லாம் கையில் இருந்தும், எம்ஆர்ஐ படங்கள் அடங்கிய குறுந்தட்டு இல்லை என்று கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எங்கள் நம்பரைத் தள்ளி வைத்தார். மூன்று மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பாவை அப்படியே திரும்ப அழைத்து வந்தேன். ஸ்கேன் எடுத்த இடத்திலேயே குறுந்தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

அடுத்த முறை குறுந்தட்டோடு, அப்பாவின் மாத்திரைப் பட்டியலையும், காலையும் மாலையும் நான் குறித்துவைத்த இரத்த அழுத்தக் கணக்கையும் கொண்டுபோனேன். நிபுணர் முதலில் கேட்டு வாங்கிப் படித்தது அந்தக் கணக்கைத்தான். மாலை அளவுகள் உயர்ந்தே இருப்பதைக் கண்டு, அன்றே மருந்தை மாற்றி எழுதிக் கொடுத்தார்.