கறுத்த பழம் தோத்துப்போச்சு, ரெண்டு வாரம்

எங்க சித்தப்பா பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறாரு, மல்பெரின்னா அவருக்கு தழைதான், பழம்னு ஒண்ணு இருக்குறதே கணக்குல கிடையாது. வரப்போரம் கவாத்து பண்ணாம விட்டு மரமாயிட்ட நாலஞ்சுல மட்டும் கொத்துக்கொத்தா புடிக்கும், மைனா தின்னது போக மீதி எறும்புக்கு. எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு என்ன எடுக்கலாம்னு முழிச்சிட்டு இருந்தப்போ, ஆன்டிஆக்ஸிடன்டுக்கு ப்ளூபெர்ரி ப்ளூபெர்ரின்னு ஊரே பேசுதே, சும்மா கெடக்குற இதையே எடுப்போமேன்னு தோணுச்சு. தழைல மருந்து நின்னா புழு செத்துடும்னு தோட்டத்துல மருந்தும் பயந்து பயந்துதான் அடிப்பாங்க, அது ஒரு நிம்மதி.

பறிச்ச அன்னிக்கு கை முழுக்க கறை. "சோப்பு போடாத கண்ணு, எலுமிச்சம்பழம் தேய்"னு சித்தி சொன்னாங்க, நான் கேக்காம சோப்பு போட்டேன், கறை நீலமா மாறிடுச்சு, அப்புறம் எலுமிச்சம்பழம் தேச்சா செவந்து கரைஞ்சு ஓடுது. லேப்ல ஆந்தோசயனின், அதாவது பழத்துக்கு அந்த நிறத்த குடுக்குற சாயத்த அளக்குறதும் கிட்டத்தட்ட இதே கூத்துதான். அதே சாறு, பிஹெச் 1 பஃபர்ல, அதாவது அமிலம் தூக்கலான கரைசல்ல போட்டா செக்கச்செவேல்னு நிக்கும், அமிலம் கொறைஞ்ச 4.5ல போட்டா வெளுத்துடும், 520 நானோமீட்டர் ஒளியிலயும் 700லயும் ரீடிங் எடுத்து அந்த வித்தியாசத்த வச்சு கணக்கு போடணும்.

என்னை அலைய விட்டது டிபிபிஹெச், ஆன்டிஆக்ஸிடன்ட் சக்திய அளக்குற ஒரு கெமிக்கல். அடர் ஊதாவா இருக்கும், ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டா மஞ்சளாகும், இருட்டுல அரை மணி நேரம் வச்சுட்டு 517ல பாக்கணும், ஊதா எவ்வளவு கொறையுதோ அவ்வளவு சக்தி. செவந்த காய், நல்லா கறுத்த பழம் ரெண்டையும் ஓட்டினேன். ஜெயிக்கும்னு நெனச்ச கறுத்தது தோத்துடுச்சு! மெத்தனால் சரியில்லயா, மெஷினுக்குள்ள வைக்கிற கியூவெட் குப்பிய சரியா கழுவலயான்னு ரெண்டு வாரம் மண்டைய ஒடச்சுக்கிட்டு, ஒரு நாள் டியூப ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா அது மஞ்சளே இல்ல, ஆரஞ்சும் செவப்பும் கலந்த மாதிரி இருக்கு. அட, பழத்தோட சொந்த சாயமே 520 பக்கத்துலதானே ஒளிய உறிஞ்சும்! அதுலயும் நான் அமிலம் சேத்த மெத்தனால்ல சாறு எடுத்திருக்கேன், செவப்பு இன்னும் தூக்கல். மிச்சமிருக்குற டிபிபிஹெச் எது, பழச்சாயம் எதுன்னு மெஷினுக்கு என்ன தெரியும். டிபிபிஹெச் ஊத்தாம வெறும் மெத்தனால்ல அதே அளவு சாறு விட்டு, அந்த ரீடிங்க கழிச்சதும் கறுத்தது முன்னால வந்துடுச்சு. அந்த ஒரு பிளாங்க் வைக்காத சோம்பேறித்தனத்துக்கு ரெண்டு வாரம்.

ஃபோலின் டெஸ்ட் இன்னொரு வில்லங்கம், 765ல வர்ற நீலத்த பாத்து மொத்த ஃபீனாலிக்ஸ், அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை பாக்குற ஒரு வகை தாவரச் சத்துன்னு எழுதிடுறோம், ஆனா வைட்டமின் சி, சர்க்கரை எல்லாமே அதுல கொஞ்சம் நீலம் காட்டும், மல்பெரி மாதிரி இனிப்பு பழத்துல அத அப்படியே நம்ப எனக்கு மனசு வரல.

இதெல்லாம் கேட்டுட்டு சித்தி, "அப்ப நான் சிரப் போட்டு பாட்டில்ல ஆன்டிஆக்ஸிடன்ட் இவ்வளவுன்னு ஒட்டி விக்கலாமா?"ன்னாங்க. அமெரிக்க விவசாயத் துறையே இப்படி உணவுகளுக்கு ஓராக்னு ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் நம்பர் போட்டு வச்சிருந்த பட்டியல 2012ல எடுத்துடுச்சு, டியூப்ல வர்ற நம்பருக்கும் உடம்புக்குள்ள நடக்குறதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல, கம்பெனிங்க அத வச்சு விளம்பரம் பண்றாங்கன்னு. சித்திக்கு அத விட, கொதிச்ச சிரப்பையும் பச்சை சாறையும் ரெண்டு பஃபர்லயும் போட்டு பக்கத்துல வச்சு காட்டினதுதான் ஒறைச்சுது, கொதிச்சதுல செவப்பு பாதி உயிரா நின்னுச்சு. இப்போ பாகு நல்லா ஆறினப்புறம்தான் சாறு ஊத்துறாங்க, ஃபிரிட்ஜ்ல எங்களுக்கு தயிர் வைக்க எடம் இல்ல.