தம்பிக்கு மெத் பழக்கம்: நாங்கள் ஏமாந்ததும் மீண்டதும்

தம்பி மெத் (மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள்) எடுக்கிறான் என்று தெரிந்ததும் எங்காவது சேர்த்துவிட்டால் போதும் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது. அந்த அவசரத்தில்தான் ஏமாந்தோம். சென்னைப் புறநகரில் ஒரு மறுவாழ்வு மையம். மூன்று மாதத்துக்கான பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். போனில்கூடப் பேச விடவில்லை. காலையில் தியானம், மாலையில் குடியின் தீமை பற்றிப் பேச்சு. சைக்காலஜிஸ்ட் ஒருவரைக்கூட அவன் பார்க்கவில்லை. வெளியே வந்த ஒன்பதாம் நாள் மறுபடி எடுத்துவிட்டான்.

2017 மனநலச் சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் கட்டிய பிறகுதான் அதைக் கேட்டேன். "ரின்யூவலுக்குப் போயிருக்கு மேடம்" என்றார்கள். நீங்கள் முதலிலேயே சான்றிதழைக் கேளுங்கள். என்ன சிகிச்சை, யார் தருகிறார்கள், வாரத்துக்கு எத்தனை முறை என்றும் கேளுங்கள். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14446-க்குப் பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம் அரசு மருத்துவமனை. முதல் நாள் சைக்காலஜிஸ்ட் லீவு, அலைச்சல்தான் மிச்சம். அடுத்த முறை டாக்டர் உடைத்துச் சொன்னார்: ஹெராயினுக்கு பூப்ரினார்ஃபின் இருப்பதுபோல் மெத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை, பழக்கத்தை மாற்றும் பயிற்சிதான் சிகிச்சை. எப்போது ஆசை வருகிறது என்று நோட்டில் எழுதச் சொன்னார்கள். சம்பள நாள், ஒரு நண்பனின் மெசேஜ், தூங்காத இரவு. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று அவனே திட்டம் போட்டான்.

ஏழாவது வாரம் யூரின் டெஸ்ட் பாசிட்டிவ். அவன் அழுது சத்தியம் செய்தான். நானும் நம்பவில்லை. "இனிமே வரமாட்டேன்" என்று எழுந்து போய்விட்டான். ஒரு இளம் டாக்டர்தான் வேறு என்ன மாத்திரை சாப்பிட்டான் என்று விசாரித்தார். சளி மாத்திரை! அதில் மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் என்ற மருந்து இருந்தால் சாதாரண கிட் டெஸ்ட் தவறாகப் பாசிட்டிவ் காட்டுமாம். லேபுக்கு அனுப்பி உறுதி செய்ததில் நெகட்டிவ். முடிவு வரும்வரை ஐந்து நாள் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது இன்னும் வலிக்கிறது. தயவுசெய்து மருந்துக்கடை பில்லைப் பத்திரமாக வையுங்கள். டெஸ்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சம்பள நாளில் ஏ.டி.எம். கார்டு அக்காவிடம் இருக்க வேண்டும் என்பது அவன் நோட்டில் எழுதியிருந்த திட்டம். இந்த மாதம் 1ஆம் தேதி, நான் கேட்காமலே கார்டை என் கையில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.