கிள்ளை இருளர்களிடம் யார் கேட்பார்கள்?

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மின்சாரம் என்றால் நிலமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். நெய்வேலிக்காக ஊர் ஊராக இடம்பெயர்ந்த கதை இங்கே பல வீடுகளில் உண்டு. பட்டா வைத்திருந்தவர்களுக்கே அந்தப் பாடு. கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர்கள் கழிமுகத் தண்ணீரில் இறங்கி, கையாலேயே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்பவர்கள். தண்ணீருக்கு ஏது பட்டா? நாளை ஒரு எரிவாயுக் கம்பெனி வந்தால் அவர்களிடம் யார் சம்மதம் கேட்பார்கள்?

நார்வேயின் ஃபோசன் பகுதியில், அந்நாட்டுப் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்கள் கலைமான் மேய்க்கும் மலைகளில் காற்றாலைகள் கட்டினார்கள். அவர்களின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டது, அனுமதி செல்லாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது காற்றாலைகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. பசுமை மின்சாரம்தான், சரி. ஆனாலும் மறுப்பை மீறி வைத்தால் அது பறிப்புதான்.

கனடாவில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. ஒன்டாரியோவின் வட்டைனிகனேயாப் மின்தடத்தில் 24 பூர்வகுடிச் சமூகங்களுக்கு 51 சதவீதப் பங்கு. சுமார் 1,800 கி.மீ. தடம், டீசல் ஜெனரேட்டரை நம்பியிருந்த தொலைதூர ஊர்களுக்காக. மரியாதை என்று நான் நினைப்பது இதைத்தான். சமுதாயக்கூடம் கட்டிக்கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதை அல்ல.

நம் 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம், நீர்நிலையை நம்பி மூன்றாண்டு பிழைத்த மீனவக் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டவர்களாகச் சேர்க்கிறது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும், அளவுக்கல் நடுவதற்கு முன்னால் அந்தக் குடும்பங்களின் பட்டியலோடு கிள்ளைக்கு வரட்டும். இருளர் பெண்களும் இருக்கும் கூட்டத்தில், தமிழில் பேசட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் திரும்பிப் போகவும் தயாராக வரட்டும்.