பூ விழுந்த கண்ணுக்கு லென்ஸ் போட்ட கதை

சின்ன வயதில் குச்சி குத்தியதில் என் வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் தெரியாது. உள்ளே நரம்பும் அடிபட்டிருப்பதால் பூ விழுந்த கார்னியாவை (கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற படலம்) மாற்றினாலும் பார்வை வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அந்த வெள்ளையை மறைக்க, நல்ல கண் போலவே நிறம் தீட்டிய ப்ராஸ்தெடிக் கான்டாக்ட் லென்ஸுக்குப் போனேன்.

அழகுக்குப் போடும் கலர் லென்ஸே போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அதில் நிறம் சல்லடை மாதிரிதான் இருக்கும், அடியில் உள்ள வெள்ளை எட்டிப் பார்க்கும். இதில் நிறத்துக்குப் பின்னால் கறுப்புப் பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள். எனக்குப் பார்வை இல்லாததால் நடுவில் உள்ள பாப்பாவும் முழுக் கறுப்பு. பார்வை இருக்கிற கண் என்றால் அந்த இடத்தை மட்டும் தெளிவாக விட்டுவிடுவார்கள். ஐரிஸ், அதாவது பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம், கிழிந்து வெளிச்சம் பட்டாலே கூசுகிறவர்களுக்கு அப்படிப்பட்ட லென்ஸ் கூச்சத்தையும் குறைக்கும்.

முதலில் நிறத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. லென்ஸ் கண்ணில் ஒழுங்காக உட்காருமா என்பதுதான் முதல் கேள்வி. தழும்பு விழுந்த கார்னியா மேடும் பள்ளமுமாக இருக்கும். வளைவை அளக்கிற கருவி நல்ல கண்ணில் உடனே எண்ணைக் காட்டியது, அடிபட்ட கண்ணில் தடுமாறியது. அதனால் நிறமில்லாத லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு, இமைக்கச் சொல்லிப் பார்த்தார் கண்ணை அளந்து லென்ஸ் பொருத்தும் ஆப்டோமெட்ரிஸ்ட். ஒவ்வொரு இமைப்புக்கும் அது அரை மில்லிமீட்டர் போல நகர வேண்டுமாம். இறுக்கமாக ஒட்டிக்கொண்டால் அடியில் கண்ணீர் ஓடாது. லூசாக இருந்தால் வரைந்த ஐரிஸ் மேலும் கீழும் வழுக்கி, எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அப்புறம் லென்ஸைக் கழற்றிவிட்டு, சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் கார்னியாவில் எங்கேயாவது உராய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். லென்ஸ் இருக்கும்போதே சாயத்தைப் போட்டால் லென்ஸ் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

அதிக நேரம் போனது பாப்பாவின் அளவுக்குத்தான். நிறம்தான் பெரிய பாடு என்று நினைத்துப் போனவனுக்கு இது ஆச்சரியம். நல்ல கண்ணின் பாப்பா வெயிலில் சுருங்கும், மங்கலில் விரியும். வரைந்த பாப்பா அசையாது. எந்த அளவைக் கேட்டாலும் ஏதோ ஒரு வெளிச்சத்தில் பொருந்தாமல்தான் போகும். "நீங்க அதிக நேரம் எங்க இருப்பீங்க?" என்று கேட்டார். அறைக்குள்ளே என்றேன். அறை வெளிச்சத்தில் அளந்து 4 மில்லிமீட்டர் என்று எழுதினார். வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், சரியாகிவிடுகிறது. என் கண் அடர் பழுப்பு என்பதால் தப்பித்தேன். பாப்பாவும் ஐரிஸும் அதில் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். வெளிர் நிறக் கண்காரர்களுக்கு இதே வித்தியாசம் பளிச்சென்று தெரியுமாம்.

நிறம் பார்த்தது ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத இடத்தில். லென்ஸைக் கையில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். கண்ணில் போட்டு, கண்ணீர் அடங்கிய பிறகு, பேசும் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்று பார்க்கிறவர் யாருக்கும் எந்த லென்ஸும் திருப்தி தராது. செய்து வந்த லென்ஸில் ஏதோ உறுத்தியது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்காதான் கண்டுபிடித்தாள்: "கலர் சரிதான்டா, ஓரம்தான் சரியில்ல." ஐரிஸைச் சுற்றி வரும் கரும்வளையம் கோடு கிழித்தது போலக் கூர்மையாக இருந்தது. இரண்டு கண்ணையும் சேர்த்து எடுத்த படங்களோடு திருப்பி அனுப்பினோம். அடுத்ததில் அந்த ஓரம் கரைந்து வந்தது.

போடப் பழகுவதில் ஒரு வேடிக்கை. விரல் பக்கத்தில் வந்தாலே பார்க்கிற கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்ளும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. மேல் இமையை முடி முளைக்கும் இடத்திலேயே அழுத்திப் பிடித்தால்தான் லென்ஸ் உள்ளே போகிறது.

இந்த மாதிரிக் கண்ணில் லென்ஸ் போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தழும்பு விழுந்த கார்னியாவுக்கு உணர்ச்சி குறைவாக இருக்கலாம். நல்ல கண்ணில் தூசி விழுந்தால் உடனே தெரியும், எனக்குத் தெரியாது. பார்வை மங்கினால் உஷாராகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அதனால் தினமும் கழற்றியதும் வெள்ளை விழி சிவந்திருக்கிறதா, பீளை கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். இருந்தால் லென்ஸை ஒதுக்கிவிட்டு அன்றே டாக்டர். நிறப் பூச்சுள்ள லென்ஸ்களில் பெரும்பாலும் கண்ணுக்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் போகும். அதனால் சில மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டினோம். போட்டுக்கொண்டு தூங்குவது கூடவே கூடாது. ஆக்சிஜன் போதாமல் ஓரத்திலிருந்து கார்னியாவுக்குள் புது ரத்தக் குழாய் நுழைகிறதா என்று ஒவ்வொரு பரிசோதனையிலும் பார்க்கிறார்கள். குழாய்த் தண்ணீர் படவே கூடாது, அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கார்னியாவையே அரித்துவிடும்.

என் கண் கொஞ்சம் வெளிப்பக்கம் விலகியிருக்கும், அதை லென்ஸ் சரிசெய்யவில்லை. பார்க்கிற ஒரே கண்ணைக் காக்கப் பவர் இல்லாத, எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடச் சொன்னார்கள். அதன் ஃபிரேம் மிச்ச வித்தியாசத்தையும் ஓரளவு மறைக்கிறது. கடைசியாக, வளைவு, விட்டம், பாப்பா அளவு, நிறக் குறியீடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் கிழிந்தாலோ தொலைந்தாலோ மறுபடி ஜன்னல் ஓரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.