நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

பிப்ரவரி 9

அவிநாசிக்கு, மச்சான் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வயிற்றெரிச்சல்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னை கொளத்தூரில், ஒரே தாயின் குஞ்சுகள் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, ஆளுக்கொரு ஷோவா கோய் வாங்கினோம். கருப்பு, சிவப்பு, வெள்ளை கலந்த ஜப்பானிய அலங்காரக் கெண்டை அது. அவன் மீனின் கருப்பு அடுப்புக்கரி போல இருக்கிறது. என்னுடையது ஈரத் துணியால் துடைத்த சிலேட்டு. "மாப்பிள்ளை, உனக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்று சிரிக்கிறான். அவன் குளத்தில் போர்வெல் உப்புத் தண்ணீர். நான் ஊற்றுவது சிறுவாணி!

மார்ச் 16

காலை ஆறு மணி. எல்லா மீன்களும் அடியில் ஒதுங்கி, துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. தீவனம் போடும் கையையே கவ்வ வரும் மஞ்சள் ஓகோன் கோய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் முதுகில் பாலாடை போலச் சளிப்படலம். தண்ணீரைச் சோதித்தேன். அமில-கார அளவான பி.எச். 6.2. அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம். காரத்தன்மைச் சோதனையில் முதல் சொட்டுக்கே நீலம் மஞ்சளாகிவிட்டது, அதாவது காரத்தன்மை ஏறக்குறைய இல்லை.

அம்மாவின் ஆப்ப சோடா டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குளக்கரையில் நின்றபோதுதான் உறைத்தது. பி.எச். 6.2 இருக்கும்போது அந்த அம்மோனியாவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நஞ்சு. சோடாவைக் கொட்டி 8.2க்கு ஏற்றியிருந்தால், இந்த வெயிலுக்குப் பத்தில் ஒரு பங்கு நஞ்சாகியிருக்கும். மருந்து என்று நினைத்து நானே கொன்றிருப்பேன். டப்பாவை மூடினேன். தீவனத்தை நிறுத்தினேன். கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டு, குளோரின் போக்கிய புதுத் தண்ணீரை விட்டேன்.

மார்ச் 17

ஓகோன் போய்விட்டது. மாமரத்தடியில் புதைத்தேன்.

மார்ச் 20

தினமும் தண்ணீர் மாற்றி, அம்மோனியா 0.25க்கு இறங்கிய பிறகே சோடா. 1000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் காரத்தன்மை ஒரு டிகிரி ஏறும். என் குளம் 6000 லிட்டர். நாளுக்கு 180 கிராம், அதற்கு மேல் இல்லை. மளிகைக் கடைக்காரர், "ஆப்பக் கடை போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார்.

குற்றவாளி நான் பெருமைப்பட்ட சிறுவாணிதான். வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலமும் உண்டாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு, ஏழு கிராம் சுண்ணாம்புக்கல்லுக்கு ஈடான காரம் கரைந்து போகிறது. சிறுவாணியில் அந்தக் கையிருப்பே கிடையாது. தீர்ந்ததும் பி.எச். சரிந்தது, பாக்டீரியா வேலையை நிறுத்தியது, அம்மோனியா தேங்கியது.

ஏப்ரல் 6

வாரந்தோறும் மாற்றும் தண்ணீரில் இனி பாதிக்குப் பாதி போர்வெல், அந்தக் காரக் கையிருப்பு அதில்தான் இருக்கிறது. "குடிக்கிற தண்ணீரை மீனுக்கு ஊற்றாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே" என்றார் அம்மா. அவர் சொன்ன காரணம் வேறு. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3

காரத்தன்மை 6 டிகிரி. பி.எச். காலையிலும் மாலையிலும் 7.8. எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 14

குளிர் வந்ததும் ஷோவாவின் முதுகில் கருப்பு எழும்பிவிட்டது. கடினத் தண்ணீரும் குளிரும் கருப்பைக் கொண்டுவரும் என்று வளர்ப்பவர்கள் சொல்வதை இப்போது நம்புகிறேன்.

ஆனால் மார்புத் துடுப்பின் அடியில் இருக்க வேண்டிய கருப்பு, ஜப்பானியர் மோட்டோகுரோ என்பது, வரவே இல்லை. வாங்கிய அன்று எடுத்த படத்தைத் தேடிப் பார்த்தேன். அதிலும் இல்லை. மச்சானின் மீனுக்கு இரண்டு பக்கமும் உண்டு. ஒரே தாய்தான், ஆனால் ஒரு பெண் கோய் லட்சக்கணக்கில் முட்டையிடும். கோய் வளர்ப்புக்குப் பேர்போன ஜப்பானின் நீகாட்டாவில் ஷோவா குஞ்சு பொரித்த சில நாட்களிலேயே கருத்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழிப்பார்கள். பிறகும் பல முறை கழிப்பார்கள். என்னுடையது எந்தச் சுற்றில் தப்பியதோ!

மச்சானிடம் தொலைபேசியில் ஒப்புக்கொண்டேன். அத்தை இடையில் வாங்கிப் பேசினார்: "அடுத்த முறை வரும்போது சிறுவாணி இரண்டு கேன் கொண்டுவா கண்ணு, இங்கே காபி நன்றாகவே வருவதில்லை."