வைரஸ் இல்லை, ஆனாலும் ஊர்ந்தது: அக்காவின் லெப்டொப்பைச் சரிசெய்த அனுபவம்

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் படிப்பிக்கிற என் அக்கா தன் லெப்டொப்பை மட்டக்களப்பில் கல்லடிக்குக் கொண்டுவந்து தந்தபோது தீர்ப்பையும் சேர்த்தே கொண்டுவந்தார். “தம்பி, இதுக்குள்ள வைரஸ் பூந்திட்டாம். போமட் அடிச்சாத்தான் சரிவருமாம். நீ ஒருக்காப் பாரு.” அவர் காட்டிய கடையில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கம் லெப்டொப் மெதுவானால் முதலில் வாயில் வருவது வைரஸ், அடுத்தது போமட், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவது. இரண்டுக்கும் நடுவே உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்த்ததில் கிடைத்ததை எழுதுகிறேன். இதே பாடு படுகிற யாருக்காவது உதவட்டும்.

கண்ணை மூடிக்கொண்டு போமட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த லெப்டொப்புக்குள் அக்காவின் பல வருட வினாத்தாள்கள், பிள்ளைகளின் புள்ளிப் பட்டியல்கள், பிள்ளைகளுக்கென்று தட்டெழுதிய குறிப்புகள் எல்லாம் இருந்தன. பெரும்பாலானவை பாமினி ஃபொன்டில் அடித்தவை. ஃபொன்ட் இல்லாத கணினியில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது, வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். கடையில் போமட் அடித்துக் கொடுப்பவர் டெஸ்க்டொப்பையும் டொக்கியுமென்ட்சையும் எடுத்து வைப்பார். விண்டோஸ் போல்டருக்குள் இருக்கிற ஃபொன்ட்களை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

லெப்டொப் ஒன்றும் கழித்துப் போடக்கூடியது இல்லை. எட்டாம் தலைமுறை ஐ5 8250யு சிப், 4 ஜிபி ரெம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆனால் அழுத்திவிட்டு வேர்ட் திறப்பதற்குள் தேத்தண்ணி வைத்துக் குடித்தே முடித்துவிடலாம். நடுவில் திடீரென்று எல்லாம் உறைந்து நிற்கும், மௌஸ் மட்டும் அசையும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல மீண்டும் ஓடும். இந்த உறைந்து நிற்கிற குணத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன். பின்னால் அதுதான் வழி காட்டியது.

வைரஸ் என்று சொன்னதால் முதலில் அதையே தேடினேன். விண்டோஸ் டிஃபென்டரில் முழு ஸ்கேன், பிறகு விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடுகிற ஆஃப்லைன் ஸ்கேன், கடைசியாக மால்வேர்பைட்ஸ் என்ற இன்னொரு தேடும் மென்பொருள். மூன்றிலும் எதுவும் இல்லை. வாங்கும்போதே கூட வந்து காலாவதியாகிப்போன ஒரு அன்டிவைரஸ் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டேன், ஸ்டார்ட்அப் பட்டியலையும் குறைத்தேன். கொஞ்சம் தெளிந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவான கணினிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, விண்டோஸோடு சும்மாவே கிடைக்கிறது. கணினியின் மூளையான சிபியு பத்து வீதத்துக்குள் படுத்துக் கிடந்தது. டிஸ்க் மட்டும் நூறு வீதத்தில் அசையாமல் நின்றது. கீழே வாசிப்பு வேகத்தைப் பார்த்தால் செக்கனுக்கு ஒரு எம்பிகூட இல்லை. அந்த நூறு வீதம் என்பது டிஸ்க் ஓயாமல் வேலையில் இருந்த நேரத்தின் அளவு. எவ்வளவு தரவு நகர்ந்தது என்பதை அது காட்டாது. பக்கத்திலேயே ‘சராசரி பதில் நேரம்’ என்று ஒன்று இருக்கிறது. நல்ல ஹார்ட் டிஸ்க்கில் அது சில பத்து மில்லிசெக்கன்களுக்குள் இருக்கும். இங்கே ஆயிரங்களில் ஏறி இறங்கியது. அதாவது ஒரு துண்டுத் தரவு கேட்டால் கைக்கு வர ஒன்றிரண்டு செக்கன்.

ஹார்ட் டிஸ்க் இயல்பிலேயே மெதுவான சாமான். நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது என்றால் ஒரு சுற்றுக்குப் பதினொரு மில்லிசெக்கன். வாசிக்கிற தலை நகர வேண்டும், தேவையான இடம் சுழன்று அதன் கீழே வர வேண்டும். ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வாசிக்கச் சொன்னால் செக்கனுக்கு நூறு தடவை அளவில்தான் முடியும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற சிப் வகைச் சேமிப்பான எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவும் இல்லாததால் இதே வேலை ஆயிரக்கணக்கில் நடக்கும். விண்டோஸ் ஏறும்போது கேட்பது இப்படிச் சிதறிய சின்னச் சின்னத் துண்டுகளைத்தான்.

ஆனால் பதில் நேரம் ஆயிரங்களுக்குப் போவதற்கு அந்த மெதுத்தன்மை மட்டும் காரணமாக முடியாது. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்தேன். ‘டிஸ்க்’ என்ற பெயரில், 7 என்ற எண்ணோடு, சிவப்பு அடையாளங்கள் வரிசையாக நின்றன. டிஸ்க்கில் பழுதான இடம் இருக்கிறது என்பதுதான் அந்த எண்ணின் செய்தி. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். நல்ல நிலையில் நீலமாக இருக்க வேண்டிய பெட்டி மஞ்சளாகி, ‘எச்சரிக்கை’ என்றது. சி5 என்ற வரி பூச்சியமாக இருக்க வேண்டும், இல்லை. வாசிக்க முடியாமல் போய், மாற்று இடத்துக்காகக் காத்திருக்கிற செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகளின், கணக்கு அது.

உறைந்து நிற்பதற்கான விடை இங்கேதான் இருந்தது. பழுதான இடம் வந்ததும் டிஸ்க் விட்டுவிடாது. திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும். அதுவரை விண்டோஸ் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். சிபியு சும்மா, திரை உறைவு. வைரஸ் தேடிக்கொண்டே இருந்திருந்தால், அல்லது அதே டிஸ்க்கில் போமட் அடித்து விண்டோஸை மறுபடி ஏற்றியிருந்தால், சில கிழமை ஓடிவிட்டுத் திரும்பவும் இதே இடத்துக்கு வந்து நின்றிருக்கும். அக்காவின் வினாத்தாள்களும் போயிருக்கும்.

2022 மின்வெட்டுக் காலத்தில் பற்றரி தளர்ந்துபோனது என்று அக்கா சொன்னார். அன்றிலிருந்து கரன்ட் போகும்போதெல்லாம் லெப்டொப்பும் பட்டென்று நின்றுவிடுமாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் ஹார்ட் டிஸ்க்குக்கு நல்லதில்லை. இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

டிஸ்க் சாகப்போகிறது என்று தெரிந்த பிறகு செய்யும் வேலைகளின் ஒழுங்கு முக்கியம். பலர் இந்த நேரத்தில் செக் டிஸ்க் ஓட விடுவார்கள். பழுதான இடங்களைத் தேடும்படி ஓட விட்டால், முழு டிஸ்க்கையும் மூலைமுடுக்கெல்லாம் வாசிக்கச் சொல்வது அது. தளர்ந்த டிஸ்க் அந்தப் பாரத்திலேயே படுத்துவிடக்கூடும். ஆகவே முதலில் தரவை வெளியே எடுத்தேன். மாற்று இல்லாததை முதலில்: புள்ளிப் பட்டியல், வினாத்தாள், குடும்பப் படங்கள், பிறகு பாமினி உட்பட ஃபொன்ட்கள் முழுவதும். திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய படம், பாட்டு எல்லாம் கடைசிக்கு. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இழுக்காமல் போல்டர் போல்டராக எடுத்தேன். சில பைல்கள் வாசிக்க மறுத்தன, அவற்றைத் தாண்டிவிட்டு மற்றதைத் தொடர்ந்தேன். வெளியே எடுத்தவற்றை இன்னொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த படி.

பழைய டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டியும், கூடவே ரெம்மும் கல்முனையில் வாங்கினேன். வாங்கப் போவதற்கு முன்பே அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். சில மொடல்களில் எம்.2 என்கிற, மெல்லிய துண்டு எஸ்எஸ்டி செருகும் இடம் இருக்கும். அதிலும் பழைய இணைப்பு முறையான சாட்டா மட்டும் ஏற்பது, அதைவிட வேகமான என்விஎம்இ ஏற்பது என்று வித்தியாசம் உண்டு. அக்காவுடையதில் இரண்டரை அங்குல இடம் மட்டும்தான், ஆகவே சாதாரண சாட்டா எஸ்எஸ்டி. பாவித்த எஸ்எஸ்டி மலிவாகக் கிடைக்கும். அப்படி வாங்குவதென்றால் அதே கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் போட்டு எத்தனை மணித்தியாலம் ஓடியது, ஆரோக்கியம் எத்தனை வீதம் என்று கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

திறந்திருக்கிற வேலைகளைத் தாங்குகிற தற்காலிக நினைவகமான ரெம்மை ஏன் கூட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும். 4 ஜிபியில் விண்டோஸ் தன் பங்கை எடுத்தபின் குரோமில் ஐந்தாறு பக்கம் திறந்தாலே இடம் முடிந்துவிடும். மிஞ்சியதை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து எடுக்கும். டாஸ்க் மனேஜரில் அது டிஸ்க்கின் குற்றமாகத் தெரியும், உண்மையில் குறை ரெம்மில். ரிசோர்ஸ் மொனிட்டரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ‘ஹார்ட் ஃபோல்ட்’, அதாவது ரெம்மில் இல்லாததை டிஸ்க்கில் தேடிப்போன தடவைகளின் எண்ணிக்கை, ஓயாமல் எகிறுவதில் இது பிடிபடும். அக்காவுக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருந்தன. இன்னொரு 4 ஜிபி டிடிஆர்4 துண்டு போட்டு எட்டாக்கினேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால் எஸ்எஸ்டியில் புதிதாக 11ஐயே ஏற்றினேன். எட்டாம் தலைமுறைச் சிப் என்பதால் தடை இல்லை. விண்டோஸ் ஏறுவதற்கு முன்பு திறக்கிற பயோஸ் அமைப்புப் பக்கத்தில், விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்பு வசதியான பிடிடி என்பதை மட்டும் இயக்கிவிட வேண்டியிருந்தது. அனுமதி இலக்கம் எதுவும் கேட்கவில்லை, மதர்போர்டோடு ஏற்கனவே பதிந்திருந்த உரிமம் தானாகச் செல்லுபடியானது. ஃபொன்ட்களைத் திருப்பிப் போட்டேன். பாமினி வினாத்தாள் ஒன்றைத் திறந்ததும் ‘பின்வரும் வினாக்களுக்கு விடை தருக’ என்று அழகாக வந்து நின்றது. எனக்கு அந்த இடத்தில்தான் நிம்மதி.

லெப்டொப் பறந்தது. காலையில் மட்டும்.

பின்னேரம் சூம் வகுப்பு எடுத்துப் பார்த்தபோது கால் மணித்தியாலத்தில் மீண்டும் இழுக்கத் தொடங்கியது. இப்போது டிஸ்க் அமைதி, ரெம்மில் இடம் தாராளம். சிபியு பக்கத்தில் வேகம் ஒரு கிகாஹேட்சுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. ஓய்வாக இருக்கும்போது அப்படி இறங்குவது வழமை. வேலை குவிந்து கிடக்கும்போது இறங்கினால்தான் யோசிக்க வேண்டும். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பநிலை நூறு பாகையை எட்டப் பார்த்தது. இந்தச் சிப்புக்கு நூறுதான் எல்லை. அதை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும்.

பற்றரி வயரை முதலில் பிடுங்கிவிட்டு ஃபேனைக் கழற்றினேன். ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் தூசு ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்து, ஒரே பாளமாக உரிந்து வந்தது. தொட்டால் லேசாகப் பிசுபிசுத்தது. அக்காவின் வீடு கடலில் இருந்து கொஞ்சத் தூரம்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தூசு, மற்ற நாட்களில் உப்பு ஈரம், இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் ஒட்டும். சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்த அதன் மேல் வைத்திருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. ஐசோப்ரொபைல் அற்ககோலால் துடைத்து, புதிதாக ஒரு கடுகளவு வைத்து, தகட்டில் எழுதியிருந்த எண் வரிசைப்படியே திருகாணிகளை இறுக்கினேன். ஃபேனுக்குக் காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்ற விட்டால் பழுதாகலாம். இதற்குப் பிறகு அதே சூம் வகுப்பில் வெப்பம் எண்பதைத் தாண்டவில்லை, வேகமும் குறையவில்லை.

சூடு இல்லாமலே வேகம் இப்படி விழுந்தால் சார்ஜரைப் பாருங்கள். சில லெப்டொப்கள் தமக்குரிய சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் வேண்டுமென்றே வேகத்தை அடக்கிவிடும்.

பழைய டிஸ்க்கை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். பிள்ளைகளின் விவரம் அதற்குள் இருப்பதால் பழைய சாமான் கடைக்குப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இனிப் பாக்கி பற்றரி மட்டும்தான். வீங்கவில்லை, ஆனால் கரன்ட் போனால் இப்போதும் தாங்காது. அந்த மொடலுக்கு உரியதைக் கல்முனையில் சொல்லி வைத்திருக்கிறேன். வரும்வரை அக்கா வினாத்தாள் அடிக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும்படி வேர்டில் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.